ஜோசப்பின் வீட்டுக்கு இரண்டாம் தடவை

அத்தியாயம் 17

ஹஜ்ஜுக்குக் கிளம்ப இன்னும் மூன்றே நாள். போன வாரம் பாத்திமுத்துவை எந்த இடத்தில் விட்டோமோ, அதே இடத்தில்தான் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறாள். திறந்த பெட்டிக்கு முன்னால், மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டு.

பள்ளிவாசல் ஹாலில் நடந்த ஹஜ் வகுப்பில் இமாம் ஹஸ்ரத் சொன்ன ஒரு வார்த்தை அவளைப் பிடித்துக்கொண்டுவிட்டது. "அல்லாவுக்குச் செஞ்ச குத்தத்தை அல்லா மன்னிப்பான். அடுத்த மனுஷனுக்குச் செஞ்சதை அந்த மனுஷன்தான் மன்னிக்கணும். கெளம்புறதுக்கு முன்னாடி போய் கேட்டுடுங்க."

கேட்டுவிட்டுத்தான் வந்தாள். தெருவில் ஒரு வீடு பாக்கியில்லை. "தெரிஞ்சும் தெரியாமலும் ஏதாச்சும் செஞ்சிருந்தா பொறுத்துக்கங்க." ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். சர்ச் தெருவில் இருக்கும் ஜோசப்பினிடமும் அதையேதான் சொன்னாள். முப்பது வருஷச் சிநேகிதி அவள். சிரித்துக்கொண்டே, "பொறுத்தாச்சு போடி! மக்காவுல என் லிடியாவுக்கு ஒரு மாப்பிள்ளைய கேட்டுட்டு வா, அது போதும்" என்றாள்.

அன்றைக்கு நின்றது பாத்திமுத்துவுக்குத் தூக்கம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் லிடியாவுக்குக் கூடிவந்த கல்யாணம் ஒன்று கலைந்துபோனது. கலைத்தது பாத்திமுத்துவின் நாக்கு. அது ஜோசப்பினுக்குத் தெரியாது.

"மாமி, லிஸ்ட்டு வாசிக்கிறேன். விட்டுப்போனதைச் சொல்லுங்க." மருமகள் ஜுவைரியா செல்போனோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். மகன் உமைர் ஷார்ஜாவில். அவன் அங்கிருந்து போன் பண்ணி, உம்மா மக்காவில் யார் யாருக்காக என்ன துவா கேட்டு வேண்ட வேண்டும் என்பதை மறக்காமல் எழுதி வைக்கச் சொல்லியிருந்தான்.

"டெய்லர் பூங்குழலி அக்கா, குழந்தை. பிரம்மதேசம் சிவசங்கரி டீச்சர், மழை. போர்ல தண்ணியே இல்லையாம்."

"மழையா?" என்று வாசலிலிருந்து ஒரு குரல். முழங்கால் வரை உப்பு காய்ந்து வெள்ளை பூத்த கால்களோடு கண்ணாயிரம் நின்றிருந்தார். பாத்திமுத்துவின் கணவர் பக்கீர் முஹம்மது மொத்த உப்பு வியாபாரி. அவருக்கு மூட்டை ஏற்றிவிட வந்த உப்பளத்துக்காரர். "இன்னாம்மா நீ, அளத்துல உப்பு வாரிக்கிட்டு இருக்கோம், மழைய கேக்கப்போறியா? என் பேரை எழுதிக்க. ஆடி வரைக்கும் ஒரு சொட்டு வரக்கூடாது."

"ரெண்டையும் எப்படி அண்ணே கேக்கறது?" என்றாள் ஜுவைரியா.

"பிரம்மதேசத்துல பேயட்டும், மரக்காணத்துல வேணாம்னு கேளு. நடுவுல கேப் இருக்குது இல்ல?" அவர் படியில் உட்கார்ந்தார். "ஏம்மா, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அங்க இன்னா சாமி இருக்குது?"

"சாமி செலை ஒண்ணும் கெடையாது கண்ணாயிரம். அவனுக்கு உருவமே இல்ல. ஒருத்தன்தான். அவனுக்குத் தாயுமில்ல, புள்ளயுமில்ல."

"அப்ப எதைப் பாக்கப் போற?"

"ஒரு வீடு இருக்குது. காபான்னு பேரு. உள்ள ஒண்ணும் இல்ல. அதைத்தான் ஏழு சுத்து சுத்தி வருவோம்."

"காலி வீட்டைப் பாக்கவா பிளேன் ஏறிப் போற?"

"கூப்பிட்டவன் வீடுப்பா. ஆயுசுல ஒரு தடவ வான்னு கூப்பிட்டிருக்கான், உடம்புல தெம்பும் கையில வசதியும் இருந்தா. கலிமா சொல்லியாச்சு, அஞ்சு வேளை தொழுதாச்சு, நோன்பு வெச்சாச்சு, ஏழைக்குக் குடுக்கவேண்டிய ஜகாத்தும் வருஷா வருஷம் குடுத்தாச்சு. எனக்கு மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான்."

"அப்ப உன் கணக்கு கிளியருன்னு சொல்லு."

பாத்திமுத்து மடித்த துணி ஒன்றை உதறி, மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

"அடுத்தது," என்று ஜுவைரியா போன் திரையைத் தள்ளினாள். "ஜோசப்பின் ஆன்ட்டி. லிடியா கல்யாணம். ஆன்ட்டி ஸ்டார் போட்டுக்கச் சொன்னாங்க மாமி. முதல்ல இதைத்தான் கேக்கணுமாம்."

மடித்த துணி மடியிலிருந்து நழுவியது.

*

உள்ளறையில் பக்கீர் முஹம்மது இஹ்ராம் கட்டிப் பழகிக்கொண்டிருந்தார். தையல் போடாத இரண்டு வெள்ளைத் துணி. ஒன்று இடுப்புக்கு, ஒன்று தோளுக்கு. நாற்பது வருஷமாகக் கைலி கட்டிய இடுப்பு அதை ஏற்றுக்கொள்ள மறுத்தது.

"பெல்ட்டு எங்கடி வெச்ச? அங்க லட்சம் பேர் நடுவுல அவுந்துச்சுன்னா மானம் போயிடும்."

"லட்சம் பேரும் இதைத்தான் பிடிச்சிக்கிட்டு நடப்பாங்க. உங்களை யாரு பாக்கப்போறா?"

"அது சரி. முதலாளியும் இதான், மூட்டை தூக்குறவனும் இதான்." கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். "கடைசியில சுத்தி அனுப்பப்போறதும் இந்த வெள்ளையிலதான்."

"என்னங்க, ஒண்ணு சொல்லணும்."

சொன்னாள். நின்றபடியே, கதவைச் சாத்திவிட்டு, ஆறு வருஷத்தை ஆறு வாக்கியத்தில் சொன்னாள். அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கிட்ட சொல்லவே இல்லையே நீ?"

"அல்லாகிட்டயே சொல்லல."

"அவனுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா நான் சொல்லலையே."

அவர் தாடியைத் தடவினார். கெட்டவரில்லை அவர், பயந்தவர். "இதைப் பாரு. புறம் பேசினதை அவங்க காதுல போட்டு மறுபடி புண்ணாக்க வேணாம், மனசார தவ்பா பண்ணி அல்லாகிட்ட மன்னிப்பு கேளு, அவங்களைப் பத்தி நாலு பேர்கிட்ட நல்லதைப் பேசுன்னு சொன்ன, மார்க்கம் படிச்ச ஆலிமுங்களும் இருக்காங்க. அந்தம்மாவே பொறுத்தாச்சுன்னு சொல்லிட்டாங்க. எதுக்குக் கிளறுற?"

"எதைப் பொறுத்தாள்னு அவளுக்குத் தெரியாதே."

"தெரிஞ்சா உறவு போயிடும். போற நேரத்துல வேணுமா?"

"என் நாக்குக்கு நீங்க சொல்றது சரிங்க. பிரிசில்லாவுக்கு?"

பக்கீர் முஹம்மது நிமிர்ந்து பார்த்தார். பிரிசில்லா ஜோசப்பினின் நாத்தனார், பொம்மையார்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாப்பிள்ளை வீட்டில் போட்டுக்கொடுத்தது அவள்தான் என்று ஜோசப்பின் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். ஆறு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

"நான் வாயைத் திறந்தாத்தான் அவ மேல இருக்கிற பழி இறங்கும். துவா கேட்டா இறங்காது," என்றாள் பாத்திமுத்து.

ஜும்மாவுக்கு பாங்கு சொன்னார்கள். அவர் எழுந்து இஹ்ராமை அவிழ்த்து, மடித்து, பெட்டியில் வைக்காமல் கட்டில் மேலேயே வைத்தார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"நானும் கூட வரட்டா?"

"வேணாங்க. பேசினது நான்."

அவர் போன பிறகு வீட்டிலேயே மத்தியானத் தொழுகையான லுஹர் தொழுதாள். சுஜூதில் நெற்றி தரையில் பட்டபோது, ஜோசப்பின் வீட்டு நீலக் கதவுதான் கண்ணுக்குள் நின்றது. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பிறகும் நெடுநேரம் பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். வெயில் சாயத் தொடங்கியதும் புர்காவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

*

"வாடி ஹாஜியம்மா!"

ஜோசப்பின் கூடத்தில் அரிவாள்மணை மேல் உட்கார்ந்து மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கழுவிக் காயவைத்த கண்ணாடி ஜாடி, ஒரு கிண்ணம் கல்லுப்பு. அவள் கணவர் பாஸ்கல் அளத்தில் மேஸ்திரி; வீட்டில் உப்புக்குப் பஞ்சமில்லை.

"உனக்குத்தான் இது. அங்க நாப்பது நாளும் இன்னா சோறு போடுவானுங்களோ. நாக்கு செத்துப்போகும் உனக்கு. நல்லா காயவெச்சு, எண்ணெய் ஒழுகாம பேக் பண்ணித் தர்றேன். பிளேன்ல விடுவான் இல்ல?"

"ஜோசு, அதை வெச்சிடு."

"பேசு, கை பாட்டுக்குக் கை வேலை செய்யும்."

"வெச்சிடுடி. கையில அருவாமணை இருக்கறப்ப சொல்ல பயமா இருக்குது."

ஜோசப்பின் சிரித்தாள். பிறகு இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, காலை எடுத்து அரிவாள்மணையை மடக்கினாள்.

"போன தடவ வந்து பொறுத்துக்கன்னு கேட்டேன் இல்ல. அது செல்லாது. நான் சும்மா பொதுவா கேட்டேன். லிடியாவை பாண்டிச்சேரியிலேர்ந்து பாக்க வந்தாங்களே... அவங்க வீட்டுப் பொம்பளைங்க ரெண்டு பேர் முந்தின நாளே விசாரிக்க வந்திருந்தாங்க. எங்க கடையிலதான் தண்ணி வாங்கிக் குடிச்சாங்க. பொண்ணு எப்படின்னு கேட்டாங்க. நல்ல பொண்ணுதான், ஆனா ஒரு தடவ அளத்துல வலிப்பு வந்து விழுந்துடுச்சுன்னு சொன்னேன்."



"வலிப்பா?" என்றாள் ஜோசப்பின் மெதுவாக. "கத்திரி வெயில்ல அப்பனுக்குச் சோறு எடுத்துட்டுப் போயி மயங்கி விழுந்தா. ஜிஎச்சுல டாக்டரே சொன்னாரு, வெயில்தான்னு. நீதானடி அவளுக்கு முதல்ல தண்ணி தெளிச்ச?"

"நான்தான். மயக்கம்னு தெரிஞ்சேதான் வலிப்புன்னு சொன்னேன்."

"ஏன்?"

"நீ எனக்குச் சொல்லல."

"இன்னாது?"

"சம்பந்தம் வந்த விஷயத்தை. பால்காரனுக்குத் தெரிஞ்சிருக்குது, எனக்குத் தெரியல. அவன் வாயால கேட்டேன். அந்தக் கடுப்பு."

"அதுக்கா?"

"அதுக்குத்தான். பெருசா ஒரு காரணம் இருந்தாலாச்சும் சொல்லிக்கலாம். இல்ல."

ஜோசப்பின் மாங்காய்த் துண்டு ஒன்றை எடுத்தாள், மறுபடி தட்டிலேயே போட்டாள். "முடிவாகட்டும், உன்னை கையோட கூட்டிக்கிட்டுப் போயி பட்டுப்புடவை எடுக்கணும்னு இருந்தேன்டி. பாதியில சொல்லி நின்னுபோச்சுன்னா உனக்குக் கஷ்டமாயிடுமேன்னு..."

பாத்திமுத்துவுக்கு அழுகை வந்தது. அழுதால் ஜோசப்பின் ஆறுதல் சொல்ல வந்துவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"உங்க ஹஸ்ரத்துகிட்ட சொல்லி முடிச்சுக்கிட்டிருக்கலாம் இல்ல?" என்றாள் ஜோசப்பின், குரலில் முதல்முறையாகக் காரம். "நாங்க ஃபாதர்கிட்ட போய் பாவசங்கீர்த்தனம் பண்ணுவோம்."

"எங்களுக்கு நடுவுல ஆள் கெடையாது ஜோசு. நானும் அவனும்தான். அவன்கிட்ட செஞ்சதை அவன்கிட்ட அழுது கேட்டா விட்டுடுவான். உன்கிட்ட செஞ்சதுக்கு அவன் உன்னைத்தான் கைகாட்டுறான்."

"நான் பொறுக்கலைன்னா?"

"மறுமை நாள்ல நான் தொழுதது, நோன்பு வெச்சது எல்லாத்தையும் எடுத்து உன் பக்கம் குடுத்துடுவாங்க."

"உன் நோன்பு எனக்கு எதுக்குடி? நான் தவசுகால ஒருசந்தியையே ஒழுங்கா இருக்கறதில்ல." சொன்ன வேகத்தில் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. "ஃபாதரும் அதையேதான் சொல்லுவாரு. முதல்ல போயி ஒப்புரவாகிட்டு வான்னு. ஒருத்தர்கிட்ட போகச் சொல்லி எனக்கும் சொன்னாரு. ரெண்டு வருஷம் முன்னாடி. நான் போகல."

யாரிடம் என்று பாத்திமுத்து கேட்கத் தேவையிருக்கவில்லை.

"பிரிசில்லாதான் ஆஸ்பத்திரியில கூட இருந்தா. அவளைத் தவிர வேற யாருக்குத் தெரியும்னு கேட்டேன், அவ மூஞ்சிக்கு நேராவே கேட்டேன். மாதா மேல சத்தியம் பண்ணா. பொய் சத்தியம் பண்றியான்னு கேட்டேன்." ஜோசப்பின் உள்ளங்கையைப் பார்த்தாள். உப்பு ஒட்டியிருந்தது. "அவ புருஷன் பெஞ்சமின் செத்தப்ப எங்க வீட்டுக்காரரு மட்டும்தான் போனாரு. கல்லறைக்குப் பெட்டி எடுக்கற வரைக்கும் அவ வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாளாம், நான் வருவேன்னு. இவரு வந்து சொன்னாரு. நல்லா பாக்கட்டும்னேன்."

"ஜோசு..."

"உன்னைச் சந்தேகப்படக்கூட எனக்குத் தோணலடி, பாத்து."

அந்த வார்த்தைக்கு ஒரு அறை வாங்கியிருக்கலாம் என்றிருந்தது பாத்திமுத்துவுக்கு.

ஜோசப்பின் எழுந்தாள். மாங்காயைத் தட்டோடு மூடினாள். ஜாடியை எடுத்தாள், கொடுக்கவும் இல்லை, உள்ளே வைக்கவும் இல்லை, ஜன்னலோரம் வைத்தாள். "கெளம்பு."

"எங்க?"

"பொம்மையார்பாளையத்துக்கு. எங்கிட்ட சொன்னதை அங்க வந்து சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டா. நம்பணும்னும் இல்ல."

அப்போது பள்ளிவாசலில் சாயங்காலத் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டது. பாத்திமுத்து தயங்கி நின்றாள். பஸ்ஸில் ஏறினால் வேளை தப்பும். இந்த வீட்டில், இந்த நேரத்தில், தொழ இடம் எப்படிக் கேட்பது?

ஜோசப்பின் பீரோவைத் திறந்து, துவைத்து மடித்த போர்வை ஒன்றை எடுத்தாள். பின்னறைக்குப் போய் மேற்குச் சுவரைப் பார்த்து விரித்தாள். முப்பது வருஷமாக விரிக்கிற அதே இடம். அந்த வீட்டில் எல்லாச் சுவரிலும் படம் உண்டு. அந்த ஒரு சுவரில் மட்டும் வெறும் ஆணிதான்.

"குழாயில தண்ணி வருது. ஒளு எடுத்துட்டு வா. அஞ்சு நிமிஷம் தர்றேன்," என்று சொல்லிவிட்டு முகம் கொடுக்காமல் புடவை மாற்றப் போனாள்.

கை, வாய், முகம், முழங்கை, தலை, கால் என்று கழுவினாள் பாத்திமுத்து. வாயைக் கொப்பளிக்கும்போது மூன்று தடவைக்கு மேலும் கொப்பளித்தாள்.

*

பாண்டி பஸ்ஸில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து சீட்தான் கிடைத்தது. நடுவில் ஜோசப்பின் தன் கைப்பையை வைத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே உப்பளம், வரப்போரம் குவித்து ஓலை போட்ட உப்பு, எதிர்வெயிலில் கண்ணைக் கூசும் பாத்திகள். எல்லாம் பின்னால் போய், சவுக்குத் தோப்பு வந்தது.

"லிடியாவுக்குத் தெரியக்கூடாது," என்றாள் ஜோசப்பின் திடீரென்று. "மத்தியானம்கூட மெசேஜ் போட்டிருந்தா, இன்னைக்கு டபுள் டியூட்டின்னு. பாவம், ஆஸ்பத்திரியும் ஹாஸ்டலுமே கதியா கெடக்குது."

"அவகிட்டயும் நான் கேக்கணும் ஜோசு."

"நீ மக்காவுலேர்ந்து வந்த பிறகு பாத்துக்கலாம்."

"வர்றது யாரு கையில இருக்குது?"

ஜோசப்பின் அவளைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "பிரிசில்லா செருப்பைக் கழட்டினா இன்னா பண்ணுவ?" என்றாள்.

"வாங்கிக்குவேன்."

"வரிசையில வா. முதல் அடி நான் வாங்கணும்."

கைப்பை நடுவிலேயேதான் இருந்தது. ஆனால் ஜோசப்பின் அதன் மேல் வைத்திருந்த கையை எடுத்துவிட்டாள்.

பொம்மையார்பாளையத்தில் இறங்கி, கடலைப் பார்த்துப் போகும் தெருவில் நடந்தார்கள். ஆறு வருஷத்தில் வீட்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வாசலில் பெஞ்சமின் படம் போட்ட இரண்டாம் ஆண்டு நினைவுப் போஸ்டர், வெயிலில் வெளுத்து ஒரு முனை கிழிந்து ஆடியது. ஜோசப்பின் அதன் முன்னால் நின்று நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு கதவைத் தட்டினாள்.

"யாரு?" என்று உள்ளே வயதான குரல்.

"நான் பாக்கறேன் அத்தை, நீங்க உக்காருங்க," என்று இன்னொரு குரல்.

கதவு திறந்தது. நைட்டியும் தோளில் துண்டுமாக, தலையை ஈரத்தோடு விரித்துப் போட்டபடி லிடியா நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா?"

ஜோசப்பின் மகளை மேலும் கீழும் பார்த்தாள். "டபுள் டியூட்டின்னியே... எத்தனை நாளா இங்க?"

லிடியா மறைக்கவில்லை. "மாமாவை அடக்கம் பண்ண நாள்லேர்ந்து. லீவு கெடைக்கும்போதெல்லாம். அத்தை தனியா இருக்காங்களேம்மா." அம்மா திட்டுவாள் என்று ஒரு நொடி காத்திருந்தாள். திட்டு வரவில்லை. அப்போதுதான் பின்னால் நின்றவளைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. படியிறங்கி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"பாத்து ஆன்ட்டி! நீங்க போறதுக்குள்ள பாக்க முடியாம போயிடுமோன்னு நெனச்சேன். எனக்கும் ஒரு துவா கேக்கணும் ஆன்ட்டி. லிஸ்ட்டுல போட வேணாம். உங்க காதுல மட்டும் சொல்றேன். அம்மாவுக்கும் தெரியாது."

அந்தக் கைகள் சில்லென்று இருந்தன, இப்போதுதான் குளித்த கைகள். அளத்து வரப்பில் மயங்கிக் கிடந்தபோது இதே கைகளைத்தான் பிடித்துத் தேய்த்துவிட்டாள். பாத்திமுத்துவின் நாக்கில் தெருவெல்லாம் சொல்லிப் பழகிய வாக்கியம் தானாக வந்து நின்றது, தெரிஞ்சும் தெரியாமலும் என்று. அதை விழுங்கினாள்.

"துவாவை அப்புறம் சொல்லும்மா," என்றாள். "மொதல்ல நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். தெரிஞ்சே செஞ்சது."